அலட்சியத்தால் ஒரு மரணம்: முதல் நாளிலிருந்து குற்றப்பத்திரிகை வரை

அந்தப் புகார் ஐந்து பக்கம். ‘அலட்சியமாக’ என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்தது, நானே எண்ணினேன். வீடு கட்டும் இடத்தில் தண்ணீர் மோட்டாரைப் போடப் போன இளைஞர் மின்சாரம் தாக்கி இறந்திருந்தார். புகாரை எழுதிக்கொண்டு வந்தவர் அவருடைய மைத்துனர். எந்த ஒயர், அதை இழுத்தது யார், அதில் கோளாறு இருப்பது யாருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பது மட்டும் அந்த ஐந்து பக்கத்தில் எங்கும் இல்லை.

இந்த மாதிரிப் புகார்களைத் திருத்திக் கொடுப்பதிலேயே என் வக்கீல் தொழிலில் பாதி நேரம் போகிறது. வருகிறவர்கள் அநேகமாகப் பிரிவு எண்ணில் ஆரம்பிக்கிறார்கள். “எந்த செக்ஷன் சார் போடலாம்?” என்பதுதான் முதல் கேள்வி. ஆரம்பிக்க வேண்டிய இடம் சாட்சியம். அது கையில் இருந்தால் பிரிவு பின்னாலேயே வரும். கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான், காவல் நிலைய நடைமுறை மட்டும் தமிழ்நாட்டில் நான் பார்த்தது.

1. இது குற்றமா, நஷ்ட ஈடு கேட்கும் விஷயமா?

ஒருவருடைய கவனக்குறைவால் இன்னொருவர் இறந்தால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நஷ்ட ஈடு, மற்றொன்று தண்டனை. நஷ்ட ஈட்டுக்கு ‘இப்படித்தான் நடந்திருக்கும்’ என்று நம்புகிற அளவுக்குக் காட்டினால் போதும். தண்டனைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். எல்லா மனிதருக்கும் நேர்கிற சாதாரணக் கவனக்குறைவு அதற்குப் போதாது.

நான் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன். இறந்தவரின் பாதுகாப்பைக் கவனிக்கும் கடமை அந்த ஆளுக்கு இருந்ததா? அந்த வேலையில் விவரமுள்ள யாரும் செய்திருக்கக்கூடியதை அவர் செய்யாமல் விட்டாரா? விட்டது அப்பட்டமான தவறா, பார்த்தவர் எவருக்கும் ‘இதைப் போய் எப்படி விட்டான்’ என்று தோன்றுமா? மரணம் நேராக அதனால்தான் வந்ததா? மூன்றாவது கேள்வியிலேயே தடுமாறினால் நஷ்ட ஈட்டு வழக்கோடு நிற்பது நல்லது. இல்லையென்றால் ஆறேழு வருடம் நீதிமன்றத்துக்கு நடந்துவிட்டு விடுதலைத் தீர்ப்பைக் கேட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொரு எல்லையையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஆபத்தை யோசிக்கவே இல்லை என்றால் அது அலட்சியம். ஆபத்து தெரிந்தும் ‘ஒன்றும் ஆகாது’ என்று துணிந்து செய்தால் அசட்டுத் துணிச்சல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., அதன் 106(1) பிரிவு இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. உயிர் போக வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்தே செய்தால் விஷயம் 105-க்கு, கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றத்துக்குப் போய்விடும். தண்டனையும் பெரிது.

வயலைச் சுற்றித் திருட்டு மின்சாரத்தில் வேலி போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். செருபின் கிரிகரி வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் இதே ரகம்தான். பீகாரில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர்கள் தன் கழிப்பறைக்கு வராமல் இருக்க, போகும் வழியில் உறையில்லாத கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சி வைத்தார். ஒரு பெண் தொட்டு இறந்தார். ‘அத்துமீறி வந்தது அவள்தானே’ என்ற வாதம் எடுபடவில்லை, அலட்சிய மரணத்துக்கான தண்டனை உறுதியானது. தமிழ்நாட்டில் சில மின்வேலி மரணங்களில் இன்றைக்குப் போலீஸார் அதற்கும் மேலே போய்க் கொலையாகாத மரணப் பிரிவையே போடுகிறார்கள். வேலி போட்டவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைப் பொறுத்தது அது.

2. பிணவறை வாசலில் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படியுங்கள்

பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் பாதி சாகின்றன. இயற்கைக்கு மாறான மரணம் என்றால் போலீஸார் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., 194-ஆம் பிரிவின்படி பிரேத விசாரணை நடத்துவார்கள். அப்போது உறவினரிடம் வாக்குமூலம் வாங்குவார்கள். மணி மூன்றாகியிருக்கும், சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து போன் மேல் போன் போடுவார்கள். “கையெழுத்துப் போட்டீங்கன்னா உடனே பாடி கிடைச்சிரும்ணே” என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தாளின் கடைசி வரியில் ‘இறப்பில் யார் மீதும் சந்தேகம் இல்லை’ என்று இருக்கும்.

நான்கு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கூண்டில் ஏற்றியதும் முதலில் படித்துக் காட்டுவது அந்த வரியைத்தான்.

அதனால், ‘இறப்புக்கான காரணம் குறித்து எங்களுக்குச் சந்தேகம் உள்ளது, விரிவான புகார் தனியே தருகிறோம்’ என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அதற்காக உடலை யாரும் பிடித்து வைக்க முடியாது. எழுத மறுத்தால் அந்த இரண்டு வரியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அன்றைக்கே நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். சம்பவம் நேர்ந்த தேதியிலேயே ஒரு எழுத்து இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். மின்சாரம் தாக்கிய வழக்கில் மின்சாரம் உடலில் ஏறிய காயம் எங்கே என்று அறிக்கையில் வர வேண்டும். உள்ளங்கையில் இருந்தால் ஒரு கதை, பாதத்தில் இருந்தால் வேறு கதை. சிகிச்சையில் இறந்திருந்தால் உள்ளுறுப்புகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால், குடும்ப வழக்கம் இடம் கொடுத்தால், எரிப்பதை விட அடக்கம் செய்வது நல்லது. மறு பரிசோதனை கேட்க ஒரு வழி மிஞ்சும்.

3. மூன்று நாளில் அழிந்துபோகும் சாட்சியம்

எஃப்.ஐ.ஆர். நாளைக்கும் போடலாம். இவற்றை நாளைக்கு எடுக்க முடியாது. அதனால்தான் இந்தப் படி புகாருக்கு முன்னால் வருகிறது. குடும்பத்தில் கொஞ்சம் நிதானமாக இருக்கும் ஒருவரை, பெரும்பாலும் மருமகனோ மைத்துனரோ, இதற்கென்றே ஒதுக்குங்கள்.

இடத்தைப் படமெடுங்கள். தூரத்தில் இருந்து ஒன்று, கிட்டத்தில் இருந்து பல. மோட்டார் வழக்கில் மைத்துனர் எடுத்திருந்த ஒரே ஒரு போன் படம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒயரின் நடுவே கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு, அது நனைந்த மணலில் கிடந்தது, மூன்று முள் பிளக் இல்லாமல் இரண்டு ஒயரின் முனையைத் தீக்குச்சியால் சொருகியிருந்தது எல்லாமே அதில் தெரிந்தது. மறுநாள் போலீஸார் பார்வை மகஜர், அதாவது இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு, எழுதப் போனபோது அங்கே புது ஒயர் இருந்தது. படம் மட்டும் எடுங்கள், எதையும் தொடாதீர்கள், எடுத்து வராதீர்கள். நீங்கள் எடுத்து வந்த ஒயருக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை, ‘இவர்களே டேப்பைச் சுற்றினார்கள்’ என்றும் சொல்வார்கள்.

சி.சி.டி.வி. பதிவுகள் பழையதன் மேலேயே புதியது ஏறி அழிந்துவிடும். சில கடைகளில் ஒரு வாரம்கூடத் தாங்காது. கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், அதன் நகலைப் போலீஸாருக்கும் கொடுங்கள். பதிவு கிடைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் நிற்காது. உங்கள் போனில் எடுத்த படத்துக்கும் அதே கதைதான். அந்த போனை விற்றுவிடாதீர்கள்.

முன்கூட்டியே எச்சரித்ததற்கான தடயத்தைத் தேடுங்கள். வாட்ஸ்ஆப் செய்தி, போன் அழைப்பு, உடன் வேலை பார்த்தவரின் வார்த்தை எதுவாக இருந்தாலும் சரி. அதைப் போல வலுவான சாட்சியம் வேறில்லை. எச்சரித்தும் ஒருவர் பேசாமல் இருந்தார் என்றால் ‘எனக்குத் தெரியாது’ என்ற கதவு மூடிவிடும். நம் வழக்கில் இரண்டு நாளுக்கு முன்பு இன்னொரு தொழிலாளிக்கு அதே மோட்டாரில் ஷாக் அடித்திருந்தது. அவர் அதை மேஸ்திரியிடம் சொல்லியும் இருந்தார்.

துறை அதிகாரியின் ஆய்வையும் கேளுங்கள். மின் விபத்து என்றால் மின் ஆய்வாளர், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வாகனம் என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர். அவர் பிரேக் நன்றாக இருந்தது என்று எழுதினால்தான் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற வாதம் விழும்.

4. காரணச் சங்கிலியை ஒரு தாளில் வரையுங்கள்

புகாரைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. மேலே மரணத்தை எழுதுங்கள். கீழே ‘ஏன்?’ என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு படியாக இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் அதற்குப் பொறுப்பான ஆளின் பெயரை எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், சட்டம் கேட்பது மரணத்தின் நேரடிக் காரணத்தை. ‘இது இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது’ என்ற அளவிலான தொடர்பு போதாது. குர்பான் ஹுசைன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம், 1960-களில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பம்பாயில் பெயின்ட் தயாரிக்கும் இடத்தில் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். வார்னிஷும் டர்பென்டைனும் வைத்திருந்த அறையிலேயே அடுப்பை எரியவிட மேலாளர் அனுமதித்திருந்தார். ஆனால் தீப்பிடித்தது, தொழிலாளி ஒருவர் கொதிக்கும் தார் ஆறும் முன் அவசரப்பட்டு டர்பென்டைனை ஊற்றியதால். நேரடிக் காரணம் அந்த அவசரம்தான் என்று சொல்லி, மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து மேலாளரை விடுவித்தார்கள். நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாண்ட சிறிய பிரிவு மட்டும் நின்றது.

இதோடு டெல்லி உப்கார் திரையரங்கை ஒப்பிடுங்கள். 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். தீ கிளம்பியது மின் வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில். உரிமையாளர்கள் குர்பான் ஹுசைன் வழக்கையே காட்டி, ‘தீ எங்களால் வரவில்லை’ என்றார்கள். பால்கனியில் இருந்தவர்கள் இறந்தது புகையில் மூச்சுத் திணறி. கூடுதல் இருக்கைகளுக்காக வழியை அடைத்து வைத்திருந்ததால் அவர்களால் வேகமாக வெளியேற முடியவில்லை. அதுவே நேரடிக் காரணம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ‘தீ ஏன் வந்தது’ என்று கேட்டால் ஒரு பதில், ‘ஆள் ஏன் செத்தார்’ என்று கேட்டால் வேறு பதில். உங்கள் தாளின் உச்சியில் இரண்டாவது கேள்விதான் இருக்க வேண்டும்.

இந்தத் தாளில் புதியவர்கள் செய்யும் தவறு, கோபத்தில் எட்டுப் பத்துப் பேரைச் சேர்ப்பது. முதலாளி என்பதற்காக மட்டும் குற்ற வழக்கில் ஒருவர் பொறுப்பாகிவிட மாட்டார், அவர் செய்ததோ செய்யத் தவறியதோ தனியாக ஒன்று இருக்க வேண்டும். மோட்டார் வழக்கில் நாங்கள் வரைந்த தாளில் நான்கு பேர் இருந்தார்கள்: ஒயரை ஒட்டுப் போட்ட எலெக்ட்ரீஷியன், ஷாக் அடித்தது தெரிந்தும் மோட்டாரைப் போடச் சொன்ன மேஸ்திரி, வேலையை மேற்பார்த்த இன்ஜினியர், வீட்டுக்காரர். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார், மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரியும் என்பதற்கு ஒரு துரும்பும் கிடைக்கவில்லை. அவர் பெயரை அடித்தோம். மைத்துனருக்கு இன்றுவரை அதில் வருத்தம்தான். ஆனால் தேவையில்லாத ஒரு பெயர் போதும், அவர் உயர் நீதிமன்றம் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்பார், மற்றவர்களும் அந்தத் தடையில் குளிர்காய்வார்கள்.

5. புகாரை எழுதுவது

ஒன்றரைப் பக்கம் போதும். மைத்துனர் எழுதிய வரி இது: ‘மேற்படி நபர்கள் எந்தவிதப் பாதுகாப்பும் இன்றி மிகவும் அலட்சியமாகவும் பொறுப்பற்ற முறையிலும் செயல்பட்டு என் மைத்துனரின் உயிரைப் பறித்துவிட்டார்கள்.’

திருத்திய பிறகு இப்படி ஆனது: ‘செவ்வாய்க்கிழமை மாலை மேற்படி மோட்டாரில் உடன் வேலை செய்பவருக்கு ஷாக் அடித்தது. அவர் அன்றே மேஸ்திரியிடம் சொன்னார். ஒயரின் ஒட்டு சரி செய்யப்படவில்லை, எர்த் இணைப்பும் இல்லை. வியாழக்கிழமை காலை சுமார் 8.30 மணிக்கு மேஸ்திரி என் மைத்துனரை அதே மோட்டாரைப் போடச் சொன்னார். தரை ஈரமாக இருந்தது. காலில் செருப்பு இல்லை.’

இரண்டாவதில் ‘அலட்சியம்’ என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? படிக்கிற இன்ஸ்பெக்டர் அந்தச் சொல்லைத் தானே சொல்லிக்கொள்வார்.

தேதி, கிழமை, மணி, இடம் என்று நடந்த வரிசையில் எழுதுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலக்காதீர்கள், கேட்டது என்றால் யார் சொன்னார் என்று எழுதுங்கள். கலந்து எழுதினால் குறுக்கு விசாரணையில் உங்கள் மொத்தப் பேச்சும் சந்தேகத்துக்குள்ளாகும். பிரிவு எண் எழுத வேண்டாம். தவறான எண்ணை எழுதினால் அதையே காரணமாக வைத்து இழுத்தடிப்பார்கள்.

சாலை விபத்தில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்பது எல்லாப் புகாரிலும் அச்சடித்த மாதிரி வரும். கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வேகமாக ஓட்டினார் என்பது மட்டும் அலட்சியத்தைக் காட்டாது. வேகம் என்பது இடத்தைப் பொறுத்தது. பள்ளிக்கூட வாசலா, வளைவா, எதிர்ப்பக்கம் ஏறி வந்தாரா, டயர் தேய்ந்த தடம் எத்தனை அடி இருந்தது என்று எழுதுங்கள்.

6. எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் பிரிவைப் பாருங்கள்

புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது புகார் வாங்கியதற்கான அத்தாட்சி மட்டுமே, வழக்கு பதிந்ததாகாது. எஃப்.ஐ.ஆர். பதிந்தால் நகல் இலவசமாகத் தர வேண்டும், இது பி.என்.எஸ்.எஸ். 173(2)-இல் உள்ள உரிமை.

நகல் வந்ததும் எல்லாரும் பெயர் சரியா என்று பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் பிரிவைப் பாருங்கள். ‘194 பி.என்.எஸ்.எஸ்.’ என்று மட்டும் இருந்தால் அது இயற்கைக்கு மாறான மரணம் என்ற பதிவு. குற்ற எண் கொடுத்திருப்பார்கள், பார்த்தால் வழக்கு மாதிரியே இருக்கும். ஆனால் குற்றவாளி என்று ஒருவரும் அதில் இல்லை. வருடக்கணக்கில் அதை நம்பிக்கொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் ஆய்வாளர் அறிக்கையும் வந்ததும், பிரிவு மாற்ற அறிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள்.

அலட்சியத்தால் மரணம் என்றால் 106(1) இருக்க வேண்டும், ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இது இரண்டு ஆண்டுதான். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் பழைய பிரிவே பொருந்தும், புகார் எப்போது கொடுத்தாலும் சரி. காயத்தோடு தப்பியவர்கள் இருந்தால் 125-உம், சாலை விபத்தில் 281-உம், இயந்திரத்தில் 289-உம், கட்டடத்தை இடிப்பதிலோ கட்டுவதிலோ 290-உம் சேரும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டு இறந்திருந்தால், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டாயம் இருக்க வேண்டும். அதை மறப்பது சாதாரணமாக நடக்கிறது.

‘இடித்துவிட்டு ஓடினால் பத்து வருஷமாமே’ என்று கேட்பார்கள். அது 106(2). லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் மற்றதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதாவது கைது செய்தாலும் காவல் நிலையத்திலேயே ஜாமீன் கிடைக்கும். ‘காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்’ என்று அன்றைக்கே மறியலில் உட்காராதீர்கள். அதனால் வழக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

7. பதிய மறுத்தால்

மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த பி.என்.எஸ்.எஸ். 173(3) இடம் கொடுக்கிறது. 106(1) அதற்குள் வருகிறது. ஆகவே 14 நாள் பொறுங்கள். அதற்கு மேலும் பதிவாகவில்லை என்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு. அந்த ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் நீதித்துறை நடுவரிடம் 175(3)-இன் கீழ் மனு, கூடவே பிரமாணப் பத்திரம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய படியைத் தாண்டி நேராக நடுவரிடம் போனால் அந்த ஒரு காரணத்துக்காகவே மனு திரும்பும்.

8. டாக்டர் மீது என்றால் வழி வேறு

இங்கே மேலே சொன்ன வேகம் உதவாது. ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகளை வைத்தது. லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்த வழக்கு அது. வெளியிலிருந்து பார்த்தால் இதை விடப் பெரிய அலட்சியம் இருக்குமா என்று தோன்றும். ஆனால் டாக்டர்கள் மீதான குற்ற வழக்கு ரத்தானது. சிலிண்டரை நிரப்பி வைக்காததற்கு மருத்துவமனை உரிமையியல் முறையில் பொறுப்பாகலாம், டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார் என்றார்கள். 1-ஆம் படியில் சொன்ன ‘யாருடைய கடமை’ என்ற கேள்விதான் இங்கேயும்.

அந்தத் தீர்ப்பின்படி டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கும் முன் புலனாய்வு அதிகாரி, அதே துறையில் தகுதியுள்ள, கூடுமானவரை அரசுப் பணியில் உள்ள மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். தனிப்புகார் கொடுத்தாலும் வேறொரு மருத்துவரின் நம்பகமான கருத்து இணைந்திருக்க வேண்டும். வழக்கமான கைதும் கூடாது. சிகிச்சையின் போது நேர்ந்தது என்றால் தண்டனையும் இரண்டு ஆண்டு வரைதான்.

எனவே முதல் வேலை, சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்பது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தி அடையாதீர்கள். நர்ஸ்கள் மணிவாரியாக எழுதிய தாள்கள், மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம் எல்லாமே வேண்டும். மரணம் நேர்ந்த நேரம் பெரும்பாலும் நர்ஸ் எழுதியதில்தான் உண்மையாக இருக்கும். அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு, வழக்கில் சம்பந்தப்படாத ஒரு மருத்துவரிடம் போய் உட்காருங்கள். ‘எந்த டாக்டரும் இப்படிச் செய்ய மாட்டார்’ என்று அவர் சொன்னால் மேலே போகலாம். ‘நான் வேறு மாதிரி செய்திருப்பேன்’ என்று மட்டும் சொன்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், அங்கே இரண்டு ஆண்டு அவகாசம்.

9. பணம் பேச வரும்போது

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே ஒருவர் வருவார். ஊர்ப் பெரியவராக இருப்பார், மஞ்சள் பையில் ஒரு முத்திரைத்தாள் இருக்கும்.

பணம் வாங்குவது தப்பென்று நான் சொல்ல மாட்டேன், அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் 106 என்பது இரு தரப்பும் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்ளும் குற்றமில்லை. ‘புகாரை வாபஸ் வாங்குகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தாலும் வழக்கு முடியாது. சாட்சி சொல்லும்போது உங்கள் வாய்தான் கட்டிப்போகும்.

வேலையிடத்து மரணத்துக்கு 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் தனியாக இருந்தது, 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன்படி மரண இழப்பீட்டை முதலாளி அதற்கென்று உள்ள அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்தது இழப்பீட்டுக் கணக்கில் சேராது. இதை அந்த மஞ்சள் பைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தோரணையே மாறும். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். சாலை விபத்து என்றால் விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்தத் தேதிகளைக் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம்.

10. இறுதி அறிக்கை, அதன் பிறகு

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193-ஆம் பிரிவு சொல்கிறது. தானாக வராது, கேளுங்கள்.

வருவது குற்றப்பத்திரிகையாக இருக்கலாம், ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்ற ஆர்.சி.எஸ். நோட்டீஸாகவும் இருக்கலாம். ஏட்டு வீட்டுக்கு வந்து நோட்டீஸில் கையெழுத்து வாங்குவார். ‘பெற்றுக்கொண்டேன், ஆட்சேபனை உண்டு’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். பிறகு நடுவர் முன் ஆட்சேபனை மனு போடலாம். அதில் புதுக் கதை எழுத வேண்டாம். 3-ஆம் படியில் சேர்த்தவற்றில் எதைப் போலீஸார் விசாரிக்கவில்லை என்று வரிசையாகக் காட்டுங்கள்.

மோட்டார் வழக்கில் மின் ஆய்வாளர் அறிக்கை வந்த பிறகுதான் 194 என்பது 106 ஆனது, எட்டு மாதம் ஆயிற்று. மேஸ்திரியும் இன்ஜினியரும் எலெக்ட்ரீஷியனும் இப்போது விசாரணையில் இருக்கிறார்கள். ஷாக் அடித்த அந்த இன்னொரு தொழிலாளி வேலை தேடித் திருப்பூர் போய்விட்டார், அவருடைய புது போன் நம்பர் மைத்துனரிடம் மட்டும்தான் இருந்தது. சாட்சிகளோடு தீபாவளி பொங்கலுக்காவது பேசிக்கொண்டிருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

உங்களுக்கே சம்மன் வந்தால், முந்தின நாள் ராத்திரி புகார் நகலை எடுத்து இரண்டு தடவை படியுங்கள். மணி 8.30 என்று எழுதியிருந்தால் கூண்டிலும் 8.30.